லண்டன் பிளக், பாரிஸ் சாக்கெட், ஜேர்மன் வயர்

எங்கள் குடும்பம் ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அக்கா லண்டனில், சித்தப்பா பாரிஸில், மச்சான் டென்மார்க்கில், பெரியம்மாவின் பிள்ளைகள் சுவிஸில், தம்பி இத்தாலியில். நான் ஜேர்மனியில், ரூர் பகுதியில் எலக்ட்ரீஷியன். அதனால் யார் வீடு மாறினாலும், எந்த நாட்டிலிருந்து என்ன சாமான் கொண்டு போனாலும், முதல் போன் எனக்குத்தான் வரும். "இந்தப் பிளக் அங்க பொருந்துமா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள்.

பொருந்துமா என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு நாட்டின் பிளக் தனியாகப் பிறந்ததல்ல. சுவருக்குள் ஓடும் வயர் எவ்வளவு தடிப்பு, அதைக் காக்கும் பிரேக்கர் எத்தனை ஆம்பியர், பழுது வந்தால் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பிளக்கின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கின்றன. ஓர் இடத்தில் பாதுகாப்பு பிளக்குக்குள்ளேயே இருக்கும். இன்னோர் இடத்தில் அது மீட்டர் பெட்டியில் இருக்கும். பிளக்கை மட்டும் ஒரு நாட்டிலிருந்து எடுத்து இன்னொரு நாட்டின் சுவரில் செருகினால், நடுவில் ஒரு பாதுகாப்பு விடுபட்டுப் போகலாம். எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், லைட் எரியும், கெட்டில் கொதிக்கும். ஆனால் பழுது வரும் அன்றைக்குக் காப்பாற்ற வேண்டியது அங்கே இருக்காது. வருகிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

லண்டனில் இருந்து தொடங்குகிறேன், ஐரோப்பாவில் மிகவும் வேறுபட்ட முறை அதுதான். மூன்று சதுரப் பின் உள்ள அந்தப் பெரிய பிளக் பிஎஸ் 1363 என்ற பிரித்தானியத் தரத்தில் வருவது, 1947இல் வெளியானது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போர் முடிந்ததும் கட்டப்போகும் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் எப்படிக் கொடுப்பது என்று யோசிக்க 1942இல் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட் என்ற மின் பொறியாளர். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், சாக்கெட் ஓட்டைக்குள் எதையும் செருகிப் பார்ப்பார்கள் என்பதை அந்த மேசையில் வலியுறுத்தியவர் அவர். எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதும், அது உள்ளே போனால்தான் மற்ற இரண்டு ஓட்டைகளின் மூடி திறப்பதும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன. இத்தனை வருடம் கழித்தும் அதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் எந்தச் சாக்கெட்டிலும் பார்த்ததில்லை.

அப்போது செம்புக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் ரிங் முறையைக் கொண்டுவந்தார்கள். பிரேக்கர்கள் இருக்கும் போர்டில் இருந்து கிளம்பும் கேபிள் அறை அறையாக, சாக்கெட் சாக்கெட்டாகப் போய், சுற்றிவந்து மறுபடி கிளம்பிய அதே பிரேக்கரில் முடியும். கரண்ட் இரண்டு பக்கத்தாலும் வருவதால் 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளை வைத்தே 32 ஆம்பியர் கொடுத்துவிடலாம். தனித்தனியாக ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் இழுப்பதைவிட எவ்வளவோ செம்பு மிச்சம்.

ஆனால் 32 ஆம்பியர் பிரேக்கரை நம்பி ஒரு மேசை விளக்கை மாட்ட முடியாது. விளக்கின் மெல்லிய வயர் 0.75 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும், அது ஏறக்குறைய 6 ஆம்பியருக்கு மேல் தாங்காது. சுவரில் இருக்கும் பிரேக்கர் விழுவதற்கு முன்னால் அந்த வயர் சூடாகி உருகிவிடும். அதற்காகத்தான் பிளக்குக்குள் பியூஸ் வைத்தார்கள். விளக்குக்கு 3 ஆம்பியர், கெட்டிலுக்கு 13 ஆம்பியர். ரிங்கும் பியூஸும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை, ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியாது.

அக்கா ஜேர்மனியில் இருந்து லண்டனுக்குப் போனபோது இங்கிருந்து நிலைவிளக்கு, தையல் மெஷின், ரேடியோ எல்லாம் கொண்டுபோனாள். அவளிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: உள்ளே பியூஸ் உள்ள அடாப்டர் வாங்கு, அல்லது பிளக்கையே மாற்றிச் சரியான பியூஸ் போடு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பயண அடாப்டர்களில் பலவற்றில் பியூஸ் கிடையாது. ஜேர்மன் விளக்கின் வயர் இங்கே 16 ஆம்பியர் பிரேக்கரை நம்பி வடிவமைக்கப்பட்டது, அங்கே அது 32 ஆம்பியருக்கு நேரடியாக முகம் கொடுக்க நேரிடும்.

ரிங் முறையில் எனக்குப் பிடிக்காத விஷயமும் உண்டு. சுற்றின் நடுவில் எங்காவது ஓர் இணைப்பு விட்டுப்போனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லாச் சாக்கெட்டும் வழமைபோல வேலை செய்யும், ஆனால் இப்போது கரண்ட் ஒரு பக்கத்தால் மட்டும் வருகிறது. அந்தக் கேபிளைக் காக்க இருப்பது இன்னமும் 32 ஆம்பியர் பிரேக்கர்தான். இதைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கழற்றி மீட்டர் வைத்து அளந்தே ஆகவேண்டும். அக்கா வீட்டுச் சமையலறையைத் திருத்தியபோது வந்த லண்டன் எலக்ட்ரீஷியன் புதிதாக எதையும் இணைப்பதற்கு முன் முதலில் செய்தது அந்த அளவைத்தான். நல்ல வேலைக்காரர் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவர்கள் சுவருக்குள் போடுவது தட்டையான சாம்பல் நிறக் கேபிள். கரண்ட் வரும் லைவ், அது திரும்பிப் போகும் நியூட்ரல் இரண்டுக்கும் பிளாஸ்டிக் உறை உண்டு, நடுவில் எர்த் வெறும் செம்பாக ஓடும், தடிப்பும் குறைவு. முனையில் மட்டும் பச்சை மஞ்சள் குழாயைச் செருகிவிடுவார்கள். ஜேர்மனியில் பழகிய கண்ணுக்கு அது அரைகுறை வேலைபோலத் தெரியும். ஆனால் அது அவர்கள் விதிப்படி முழுமையான வேலைதான்.

சரி, ஜேர்மனி. இங்கே வீட்டு வேலையில் என்ஒய்எம் என்கிற உருண்டைச் சாம்பல் கேபிள்தான் ராஜா. உள்ளே மூன்று கம்பியும் ஒரே தடிப்பு, மூன்றுக்கும் உறை. 1.5 அல்லது 2.5 சதுர மில்லிமீட்டர். சாக்கெட்டுக்கு 16 ஆம்பியர் பிரேக்கர். ஷூக்கோ என்கிற ஜேர்மன் சாக்கெட் ஒரு குழிபோல உள்வாங்கி இருக்கும், எர்த் மேலும் கீழும் இரண்டு கவ்விகளாக நிற்கும். பிளக் உள்ளே இறங்கும்போது முதலில் எர்த் தொடும், பிறகுதான் கரண்ட். பின்கள் வெளியே தெரியும் நிலையில் அவற்றில் கரண்ட் இருக்கவே முடியாது. 1920களில் இங்கே பிறந்த வடிவம், ஸ்பெயின், போர்ச்சுகல், ஆஸ்திரியா, நெதர்லாந்து, நார்வே, சுவீடன் என்று பரவியிருக்கிறது. பிளக்கை இரண்டு பக்கமாகவும் திருப்பிப் போடலாம் என்பதால் எந்தப் பின்னில் லைவ் வருகிறது என்று சொல்ல முடியாது. ஆகவே விளக்கின் வயரில் உள்ள சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் துண்டிப்பதாக இருந்தால், அணைத்த பிறகும் பல்பு மாட்டும் இடத்தில் கரண்ட் நிற்கலாம். பல்பு மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டே மாற்றுங்கள்.

எனக்குக் கவலை தருபவை ஜேர்மனியின் பழைய வீடுகள். நம்மவர்களில் பலர் வாடகைக்கு இருப்பது 1950களிலும் 60களிலும் கட்டிய வீடுகளில். அந்தச் சாக்கெட்டைத் திறந்தால் பல இடங்களில் இரண்டே வயர்தான் இருக்கும். எர்த் கவ்வியில் இருந்து நியூட்ரலுக்கு ஒரு சின்னத் துண்டு வயரைப் பாலம்போலப் போட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் அது விதிப்படியான முறை, மேற்கு ஜேர்மனியில் 1973 முதல் புதிய வேலைகளில் தடை செய்துவிட்டார்கள். ஏற்கெனவே இருப்பது அப்போதைய விதிப்படி செய்யப்பட்டிருந்தால் அப்படியே இருக்கலாம் என்பதால் இன்னமும் இருக்கிறது.

இதில் ஆபத்து எங்கே என்றால், அந்த நியூட்ரல் வயர் எங்காவது அறுந்துவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் வழியாக வரும் கரண்ட் திரும்பிப் போக வழியின்றி அந்தப் பாலத்தால் எர்த் கவ்விக்கு ஏறிவிடும். அடுத்த கணம் வாஷிங் மெஷினின் இரும்பு உடம்பில் 230 வோல்ட். காப்பதற்கு என்று போட்ட எர்த்தே கரண்டைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் ஆர்சிடி மட்டும் வாங்கிப் போட்டாலும் சரிவராது. ஆர்சிடி என்பது போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்த்து, வித்தியாசம் வந்தால் துண்டிக்கிற கருவி. எர்த்தும் நியூட்ரலும் ஒரே வயராக இருக்கும் இடத்தில் அது தன் வேலையைச் செய்ய முடியாது. மூன்று கம்பிக் கேபிளைப் புதிதாக இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டுக்காரரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

இன்னொன்று, நிறம். லண்டனில் பழைய வீடுகளில் சிவப்பு வயர்தான் லைவ், கறுப்பு நியூட்ரல். ஜேர்மனியில் 1965க்கு முந்திய வீடுகளில் கறுப்புத்தான் லைவ், சாம்பல் நியூட்ரல், சிவப்பு எர்த். லண்டனில் வீட்டு வேலை செய்து பழகிய ஒருவர் இங்கே வந்து ஒரு பழைய சாக்கெட்டைத் திறந்து, கறுப்பைத்தானே தொடுகிறோம் என்று நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது புதிய வேலைகளில் பெரும்பாலும் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பிரித்தானியாவில் சுவர் வயருக்கு இந்த நிறங்கள் 2004இல் அனுமதிக்கப்பட்டு, 2006 ஏப்ரல் முதல் கட்டாயமாயின. அதற்குள்ளும் ஒரு பொறி உண்டு. மூன்று லைவ் வயர் வரும் மூன்று ஃபேஸ் வேலையில் முன்பு அங்கே நீலம் ஒரு லைவ், இப்போது நீலம் நியூட்ரல். கறுப்பு முன்பு நியூட்ரல், இப்போது ஒரு லைவ். பழையதும் புதியதும் கலந்த போர்டில் நிறத்தை நம்பி வேலை செய்யவே கூடாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

கிழக்கு ஜேர்மனிக்குப் போனால் செம்புகூட இல்லை. ஜிடிஆர் என்ற தனி நாடாக இருந்த காலத்து அடுக்குமாடிகளில் அலுமினிய வயர்தான். லைப்சிக்கில் ஒரு கட்டடத்தில் வேலை செய்தபோது, ஸ்குரூவை இறுக்கி வைத்த இடமெல்லாம் தளர்ந்திருந்ததைப் பார்த்தேன். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், காற்றுப் பட்டதும் மேலே கரண்ட் கடத்தாத ஒரு படலம் படியும். தொடர்பு பலவீனமாகும், அங்கே சூடு பிறக்கும், சூட்டில் இன்னும் தளரும். நாலைந்து தடவை வளைத்தால் முறிந்தும் போகும். அலுமினியத்தையும் செம்பையும் சும்மா முறுக்கி டேப் சுற்றி விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதற்கென்றே பசை நிரப்பிய வாகோ கம்பெனியின் இணைப்புக் கிளம்ப் கிடைக்கிறது. அதுகூட முழு வயரையும் மாற்றும்வரை தற்காலிகத்துக்குத்தான் என்பேன். போலந்திலும் அந்தக் காலத்து அடுக்குமாடிகளில் இதே அலுமினியம்தான்.

பிரான்சில் சாக்கெட்டைப் பார்த்தவுடன் தெரிவது, எர்த் பின் சுவரில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அதற்கான ஓட்டை பிளக்கில் இருக்க வேண்டும். இப்போது ஐரோப்பாவில் விற்கும் மெஷின்களின் பிளக்கில் பக்கத்தில் ஜேர்மன் கவ்விக்கு இடமும் நடுவில் பிரெஞ்சு பின்னுக்கு ஓட்டையும் இரண்டும் இருக்கின்றன. ஆகவே ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையே சாமான் கொண்டுபோவதில் சிரமமே இல்லை, ஓட்டை இல்லாத மிகப் பழைய ஜேர்மன் பிளக்தான் அங்கே நுழையாது. ஆனால் எனக்குப் பிரான்சில் ஆர்வம் தருவது சாக்கெட் அல்ல, அதற்குப் பின்னால் உள்ளது.

சித்தப்பாவின் வீடு பாரிஸுக்கு வடக்கே லா கூர்நேவில். அங்கே சுவருக்குள் கேபிள் கிடையாது, நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய்தான். அதற்குள் ஒற்றை வயர்களை இழுத்திருப்பார்கள். பிற்பாடு ஒரு வயர் கூட வேண்டுமென்றால் சுவரை உடைக்காமல் அதே குழாய்க்குள் இழுத்துவிடலாம். ஜேர்மனியில் கேபிளைச் சுவரில் வெட்டி வைத்துப் பூசிவிடுகிறோம், மாற்ற வேண்டுமென்றால் மறுபடி உடைப்புத்தான். இந்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதே சரி. எத்தனை சாக்கெட் என்பதற்கும் அங்கே கணக்கு உண்டு: 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 16 ஆம்பியர் பிரேக்கரோடு 8 சாக்கெட் வரை, 2.5 என்றால் 20 ஆம்பியரோடு 12 வரை.

பிரான்சின் எர்த் வேறு மாதிரி. ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் பெரும்பாலான வீடுகளுக்கு எர்த் மின்சாரக் கம்பெனியின் கேபிளோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே லைவ் எர்த்தைத் தொட்டால் பெரிய கரண்ட் ஓடிப் பிரேக்கர் உடனே விழும். பிரான்சில் பெரும்பாலும் அந்தந்தக் கட்டடத்து மண்ணில் இறக்கிய கம்பிதான் எர்த். மண்ணின் தடை 100 ஓம் என்று வைத்தால் ஓடுவது 2.3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு சாதாரணப் பாவனைபோலத்தான் தெரியும், விழாது. அதனால் அங்கே ஆர்சிடி இல்லாமல் எர்த்துக்கு அர்த்தமே இல்லை. மெயின் சுவிட்சிலேயே 500 மில்லி ஆம்பியருக்கு ஒன்று இருக்கும், உள்ளே 30 மில்லி ஆம்பியருக்குத் தனியாக. அடிக்கடி விழுகிறது என்று யாராவது அந்த 30ஐக் கழற்றிவிட்டு நேராக இணைத்துத் தருவதாகச் சொன்னால், அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எர்த் பற்றிச் சொல்லும்போது டென்மார்க்கை விட முடியாது. மச்சான் எல்லைக்கு இந்தப் பக்கம் ஃபிளென்ஸ்பூர்க்கில் வாஷிங் மெஷின் வாங்கி வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பிளக் அழகாகப் பொருந்தியது, மெஷினும் ஓடியது. நான் போனபோது மீட்டரை வைத்துப் பார்த்தேன், மெஷினின் உடம்புக்கு எர்த்தே இல்லை. டேனிஷ் சாக்கெட்டில் இரண்டு உருண்டை ஓட்டைகளும் ஜேர்மனியில் உள்ள அதே இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் எர்த் அவற்றுக்குக் கீழே அரைவட்ட ஓட்டையாக இருக்கிறது. ஜேர்மன் பிளக்கில் அதற்குள் போக எதுவும் கிடையாது. பொருந்தாத பிளக்காக இருந்தால் அடாப்டராவது தேடியிருப்பான். பொருந்திவிட்டதால்தான் யாரும் யோசிக்கவில்லை. பழுது வந்தால் ஆர்சிடி விழும், ஆனால் யாராவது மெஷினைத் தொட்டு அடி வாங்கிய பிறகுதான் விழும். அங்கே 2008 முதல் பிரெஞ்சு வடிவச் சாக்கெட்டும் அனுமதி. உள்ளூர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெஷினுக்குப் பின்னால் அதை மாட்டச் சொன்னேன். டென்மார்க்கில் இருப்பவர்கள் இன்றைக்கே உங்கள் பிளக்கைப் பாருங்கள்: அரைவட்ட எர்த் பின் இல்லாமல், இரும்பு உடம்போடு இருக்கும் எந்தச் சாமானும் சந்தேகத்துக்குரியது.

இத்தாலியில் மூன்று உருண்டைப் பின் ஒரே வரிசையில் நிற்கும், அதிலும் 10 ஆம்பியருக்குச் சின்னது, 16க்குப் பெரியது. 1970கள் வரை விளக்குக்கு ஒரு கட்டணம், மெஷின்களுக்கு வேறு கட்டணம் என்று தனித்தனி வயரிங் இருந்ததால் பிளக்கும் இரண்டானது. கட்டணம் ஒன்றான பிறகும் பிளக் ஒன்றாகவில்லை. தம்பி வீட்டில் வழமையான 3 கிலோவாட் இணைப்புத்தான், அவனும் வாஷிங் மெஷினையும் ஓவனையும் சேர்த்துப் போடாமல் பழகிவிட்டான். சுவிஸில் வேறொரு மூன்று பின் பிளக், நடுப்பின் கொஞ்சம் விலகி நிற்கும், சாதாரணமாக 10 ஆம்பியர். ஒரே பெட்டிக்குள் மூன்று சாக்கெட்டை அடக்கிவிடுகிறார்கள், சமையலறையில் அது எவ்வளவு வசதி என்று பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்.

ஏன் எல்லோருக்கும் ஒரே பிளக் இல்லை என்று கேட்பார்கள். முயற்சி செய்தார்கள். 1986இல் ஐஇசி என்ற சர்வதேச மின் தர அமைப்பு ஒரு பொது வடிவத்தை வெளியிட்டது. ஐரோப்பாவில் அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிரேசில் தன் மாற்றங்களோடு எடுத்துக்கொண்டது, தென்னாப்பிரிக்காவும் எடுத்துக்கொண்டது. இங்கே ஏற்கெனவே சுவரில் இருக்கும் கோடிக்கணக்கான சாக்கெட்டுகளை யார் செலவில் மாற்றுவது? அந்த மாற்றம் நடக்கும் பல பத்தாண்டுகளுக்குப் பழையதும் புதியதும் கலந்து கிடக்கும். டென்மார்க் சாக்கெட்டில் பார்த்த ஆபத்து அப்போது எல்லா வீட்டிலும் இருக்கும். அதனால் செய்யாமல் விட்டதே நல்லது என்பது என் கருத்து. பிரித்தானியாவையும் அதன் பிளக்கை வைத்திருக்கும் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸையும் தவிர்த்தால், போன் சார்ஜர் போன்ற சின்னச் சாமானுக்கு அந்த மெல்லிய இரண்டு பின் பிளக் எங்கும் போதும். அது 2.5 ஆம்பியருக்கு மட்டுமே, எர்த்தும் இல்லை.

நாடு மாறுகிறவர்கள் மல்டி சாக்கெட் போர்டைக் கூடவே கொண்டுபோவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். போன நாட்டிலேயே புதிதாக வாங்குங்கள், விலை பெரிதல்ல. எல்லா நாட்டுப் பிளக்கும் நுழையும் என்று விற்கும் போர்டில் ஷூக்கோ பிளக்கைச் செருகினால் பக்கக் கவ்வி எதையும் தொடாது, எர்த் இருக்காது. கெட்டில், அயர்ன், ஹீட்டர் மூன்றையும் எந்த அடாப்டரிலும் போடாதீர்கள். பிளக்கை வெட்டி மாற்றுவதென்றால் மெல்லிழை வயரின் முனைக்கு ஈயம் பூசி ஸ்குரூவில் இறுக்கக் கூடாது. ஈயம் அழுத்தத்தில் விலகிக் காலப்போக்கில் தளரும், முனைக்குச் சின்ன உலோகக் குழாய் மாட்டி நசுக்கியே இறுக்க வேண்டும்.

வீட்டைச் சோதிப்பதற்கும் நாட்டுக்கு நாடு விதி வேறு. இங்கிலாந்தில் வாடகை வீட்டுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை சோதனை கட்டாயம், சுவிஸில் வீடுகளுக்கு 20 வருடம், பெல்ஜியத்தில் 25 வருடம், அதோடு வீடு விற்கும்போதும். ஜேர்மனியில் தனி வீட்டுக்கு அப்படி யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். போர்டைத் திறந்து ஆர்சிடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். அது ஆர்சிடி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எர்த் இருக்கிறது என்று சொல்லாது. ஆகவே குடியேறும் முன் சமையலறையிலும் குளியலறையிலும் எர்த்தை அளந்து, அந்த அளவைத் தாளில் எழுதித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.